சிம்ஸில் ஏழையாக இருப்பது ஏன் இவ்வளவு கடினம்? வாழ்க்கை விளையாட்டுகளில் பணக்கஷ்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதிரி விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரு ஆளையோ குடும்பத்தையோ நம் கையில் கொடுத்து, சாப்பாடு, தூக்கம், வேலை, வீடு, உறவு என்று அன்றாடத்தை ஓட்டச் சொல்லும் வீடியோ கேம்கள். இதில் பெரிய பெயர் சிம்ஸ். 2014-ல் வந்த சிம்ஸ் 4-ஐத்தான் நிறைய பேர் ஆடுகிறார்கள் என்பதால் பாதிப் பதில்கள் அதைச் சுற்றியே இருக்கும். ஸ்டார்டியூ வேலி, அனிமல் கிராசிங், அப்புறம் பலர் கேள்விப்படாத இரண்டு மூன்று பழைய விளையாட்டுகளும் வரும்.

வேண்டுமென்றே சோம்பேறியாக ஆடினாலும் என் சிம்ஸ் குடும்பம் பணக்காரக் குடும்பமாகிவிடுகிறது. ஏன்?

விளையாட்டின் கணக்கே உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒற்றை ஆளாகத் தொடங்கினால் கையில் 20,000 சிமோலியன் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்), கூட வரும் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 2,000. ஆனால் தொடக்கப் பணம் பெரிய விஷயமில்லை. உண்மையான சலுகை பில்லில் இருக்கிறது.

சிம்ஸ் 4-ல் வாராவாரம் வரும் பில், உங்கள் வீடும் அதிலுள்ள பொருட்களும் எவ்வளவு பெறும் என்பதை வைத்துப் போடப்படுகிறது. நான்கு சுவர், ஒரு கட்டில், ஒரு அடுப்பு என்றால் பில் சில்லறைதான். நிஜத்தில் எந்த வீட்டுக்காரரும் நம் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு வாடகை கேட்பதில்லை. வருமானம் பாதியாகும், வாடகை அப்படியே நிற்கும். கஷ்டம் பிறப்பதே அந்த இடைவெளியில்தான். சிம்ஸில் அந்த இடைவெளியே கிடையாது. நீங்கள் ஏழையாக ஆக, பில்லும் கூடவே இறங்கி வந்துவிடும்.

விற்பதும் அப்படித்தான். பணம் தேவையா? கட்டுமானத் திரையைத் திறந்து டிவியைச் சொடுக்கினால் தேய்மானம் போக மீதி அந்த நொடியே கைக்கு வந்துவிடும். வாங்க ஆள் தேட வேண்டாம், பேரம் இல்லை, அக்கம்பக்கத்தார் பார்வை இல்லை. பிறகு சாலையோரம் சும்மா முளைத்திருக்கும் செடியைப் பறித்து விற்கலாம், பாறையைத் தோண்டிப் படிகம் எடுக்கலாம், மீன் பிடிக்கலாம். எல்லாவற்றையும் எத்தனை கொண்டுவந்தாலும் உடனே வாங்கிக்கொள்ள யாரோ எங்கோ தயாராக இருக்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனாலும் செலவு ஒரு மருந்து பாட்டிலோடு முடிந்தது. மருத்துவமனை பில்லால் கவிழ்ந்த சிம் (விளையாட்டில் வரும் ஆளுக்கு இதுதான் பெயர்) குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

பில்லைக் கட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

முதலில் எச்சரிக்கை, அப்புறம் மின்சாரம் போகும், பிறகு தண்ணீர் போகும். கட்டியவுடன் எல்லாம் திரும்பிவிடும். முந்தைய சிம்ஸ் விளையாட்டுகளில் ஜப்தி செய்ய ஓர் ஆள் வருவார். சிம்ஸ் 2-ல் அவர் தோளில் ஒரு உறிஞ்சு துப்பாக்கியை மாட்டிக்கொண்டு வந்து, பாக்கிக்கு ஈடாகச் சாமான்களைச் சர்ரென்று உள்ளே இழுத்துக்கொண்டு போவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் கதவைத் தட்டிவிட்டு ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார் என்பதே மின்சாரம் போவதைவிடக் கூடுதலாக உறைக்கிறது.

அப்படியானால் சிம்ஸ் 4-ல் எதிர்பாராத அடி விழவே விழாதா?

விழும், பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்புகளில். 2023 மார்ச்சில் வந்த ‘குரோயிங் டுகெதர்’ தொகுப்பில் ஆட்குறைப்பு உண்டு. ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் சிம்முக்குத் திடீரென்று வேலை போகலாம். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘ஃபார் ரென்ட்’ தொகுப்பில் வாடகைக் குடித்தனம், வீட்டுக்காரர் தொல்லை, சுவரில் படரும் பூஞ்சை எல்லாம் உண்டு. அந்தப் பூஞ்சையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் சிம் செத்தே போகலாம். ஈரச் சுவர் வீட்டில் குடியிருந்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

இலவசமாகக் கிடைத்த அடி, திருட்டு. 2025 பிப்ரவரி அப்டேட்டில் ராபின் பேங்க்ஸ் என்ற கொள்ளைக்காரியை அடிப்படை விளையாட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அலாரம் இல்லாத வீட்டில் ராத்திரி புகுந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போவாள். என் கணிப்பில், ஆட்குறைப்பைவிட இவள்தான் ஏழைச் சிம்மை அதிகம் வாட்டுகிறாள். வேலை போனால் போனிலேயே அடுத்த வேலையில் சேர்ந்துவிடலாம். ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கதை எழுதிப் பிழைக்கும் சிம்முக்கு அந்தக் கம்ப்யூட்டர் போனால் பிழைப்பே போயிற்று. அலாரம் வாங்கக் காசு இருப்பவருக்கு அவள் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

மோட் (ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் மாற்று நிரல்) எதுவும் போடாமல் சிம்ஸைக் கடினமாக்குவது எப்படி?

எளிய வழி, கையிருப்பைக் குறைத்துக்கொண்டு தொடங்குவது. கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் ‘மணி’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, இடம் விட்டு ஓர் எண்ணைத் தட்டினால் வீட்டின் இருப்பு அந்த எண்ணாக மாறிவிடும். 50,000 சிமோலியன் அள்ளித் தரும் ‘மதர்லோட்’ குறியீட்டை எல்லோருக்கும் தெரியும். இது அதன் ஏழைத் தங்கை.

பூஜ்யத்தில், வெறும் மனையில் தொடங்கும் சவாலை ஆட்டக்காரர்கள் பல வருடமாக ஆடுகிறார்கள். லெகசி சவாலில் பெரிய காலி மனையும் 1,800 சிமோலியனும் வைத்துக்கொண்டு ஒரு வம்சத்தையே வளர்க்க வேண்டும். இரண்டுமே முதல் வாரம் அருமையாக இருக்கும். ஜிம்மில் குளியல், பூங்கா பெஞ்சில் தூக்கம், நூலகத்துக் கம்ப்யூட்டரில் வேலை தேடல். அதற்குப் பிறகு செடி காய்க்கத் தொடங்கும், கதை முடிந்தது. பூஜ்யத்தில் தொடங்குவது ஏறுமுகக் கதையாகத்தான் முடியும். கஷ்டம் வேண்டுமென்றால் தொடக்கத்தை விட நடுவில் கை வைக்க வேண்டும்.

அதற்கு இரண்டு விதிகள் போதும். ஒன்று, நிலையான வாடகை. முதல் வாரச் சம்பளம் 900 என்றால் வாடகை 450 என்று எழுதி வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் இருப்பிலிருந்து 450-ஐக் கழித்து ‘மணி’ குறியீட்டால் மாற்றிவிடுங்கள். வேலை போனாலும், பிள்ளை பிறந்தாலும், சம்பளம் பாதியானாலும் 450 குறையக் கூடாது. மற்றது பகடை. அதே ஞாயிறு ஒரு பகடையை உருட்டுங்கள். ஒன்று விழுந்தால் வீட்டில் அதிகம் பயன்படும் பொருள் கெட்டுவிட்டது, அடுத்த சம்பளம் வரை மாற்றக் கூடாது. இரண்டு விழுந்தால் ஒரு நாள் சம்பளம் வெட்டு. மற்ற எண்களுக்கு ஒன்றும் இல்லை. நல்ல செய்திக்கு எண் ஒதுக்காதீர்கள், நல்லது செய்யத்தான் மொத்த விளையாட்டும் இருக்கிறது.

இதோடு செடி, படிகம், மீன் விற்பனைக்கு வாரம் ஒருமுறை என்று வரம்பும் வைத்துவிட்டால், மூன்றாவது வாரம் ஃபிரிட்ஜா வாடகையா என்று உண்மையிலேயே யோசிக்க ஆரம்பிப்பீர்கள்.

நம் ஊர் வழக்கப்படி கடன், அடகு, சீட்டு எல்லாம் விளையாட்டில் கொண்டுவர முடியுமா?

முடியும், கையால் கணக்கு எழுதத் தயாராக இருந்தால். அடகுக்கு வழி இது: பொருளை விற்காமல் குடும்பச் சாமான் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். அதன் விலையில் எழுபது சதவீதத்தை இருப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்குள் வட்டியோடு திருப்பினால் பொருளை வெளியே எடுக்கலாம். இல்லையென்றால் அது ஏலத்தில் போனதாகக் கணக்கு, அழித்துவிட வேண்டும். சொடுக்கி விற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆடும்போது தெரியும். பொருள் உள்ளே கிடக்கிறது, உங்களுடையதுதான், ஆனால் தொட முடியாது.

ஏலச்சீட்டு இன்னும் சுவை. ஒரே சேவ் கோப்பில் (ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் கோப்பு) நான்கு குடும்பங்களை மாற்றி மாற்றி ஆடுங்கள். வாரம் ஆளுக்கு 200 போட்டால் தொகை 800. யாருக்கு அவசரமோ அந்தக் குடும்பம் தள்ளி எடுக்கட்டும், தள்ளிய பணத்தை மற்ற மூவருக்கும் பிரியுங்கள். யாருக்குக் கஷ்டம் முற்றுகிறதோ அவர்தான் அதிகம் தள்ளி, குறைவாக எடுத்துப் போவார். எடுத்தவர் நடுவில் கட்டாமல் விட்டால் என்ன செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கேதான் சண்டை வரும்.

மோட் போடலாம் என்றால் எது?

எம்.சி. கமாண்ட் சென்டர் இருந்தால் பில் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். வங்கிக் கணக்கு, கடன், தவணை என்று முழு வரவுசெலவும் வேண்டுமென்றால் சிம்ரியலிஸ்ட் என்ற பெயரில் மோட் செய்பவரின் வங்கி மோட் இருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மோட்கள் முரண்டு பிடிக்கும். சேவ் கோப்புக்கு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்டியூ வேலியில் விவசாயி ஏன் கடனாளி ஆவதில்லை?

ஏனென்றால் அந்தப் பண்ணைக்கு வரியில்லை, வாடகையில்லை, கரண்ட் பில் இல்லை, உர மூட்டைக் கடனும் இல்லை. 500 பொற்காசும் 15 கிழங்கு விதையும் கொடுத்துத் தொடங்கி வைக்கிறார்கள். விலை வீழ்ச்சி கிடையாது. எல்லோரும் ஒரே பயிரைப் போட்டுச் சந்தை நிறைந்துவிட்டது என்ற பேச்சே இல்லை. பெட்டியில் போட்டால் மறுநாள் காலை அதே விலை. பருவம் மாறினால் நிற்கும் பயிர் காய்ந்துவிடும் என்பதுதான் ஒரே கண்டிப்பு, அதுவும் நாட்காட்டியில் முன்கூட்டியே தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே மயங்கி விழுந்தால் கையிருப்பில் பத்து சதவீதம் போகும், அதுவும் 1,000-க்கு மேல் போகாது. பணக்காரப் பண்ணைக்கு அது தூசு.

கொஞ்சம் இறுக்கம் வேண்டுமென்றால், கூட்டாக ஆடும் பண்ணையாகத் தொடங்கித் தனியாகவே ஆடுங்கள். அந்தத் திரையில் லாப விகிதத்தை 25 சதவீதம் வரை குறைக்கலாம். அப்போது முதல் வருடம் நிஜமாகவே இழுக்கும்.

அனிமல் கிராசிங்கில் வீட்டுக்குக் கடன் கொடுக்கும் டாம் நூக் கந்துவட்டிக்காரர் என்று எல்லோரும் கிண்டல் செய்கிறார்களே?

பாவம் அவர். அனிமல் கிராசிங் வரிசையில் 2020-ல் வந்த நியூ ஹொரைசன்ஸில் முதல் வீட்டுக் கடன் 98,000 பெல் (அங்கத்துக் காசு), கடைசிக் கடன் 24,98,000 பெல். எண் பெரிதுதான். ஆனால் வட்டி பூஜ்யம், கெடு கிடையாது, ஒரு பெல் கூடக் கட்டாமல் பத்து வருடம் தீவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இப்படிக் கடன் கொடுப்பவர் உலகில் எங்கும் இல்லை.

அந்த விளையாட்டில் நிஜ அடி வேறு இரண்டு இடத்தில் விழுந்தது. ஞாயிறு காலையில் வாங்கும் டர்னிப் கிழங்கை அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும். விலை ஏறும் என்று காத்திருந்து மொத்தமாகத் தோற்றவர்கள் உண்டு. இன்னொன்று, 2020 ஏப்ரல் அப்டேட்டில் நின்டெண்டோ வங்கிச் சேமிப்பு வட்டியை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. விளையாடும் கருவியில் நாள், மாதத்தை முன்னே தள்ளி வட்டி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கொதித்தார்கள். லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் அதை ஒரு செய்தியாகவே போட்டது. வெளியிலிருந்து, கேட்காமல், சேமித்தவன் தலையில் விழுந்த அடி. நிஜத்தைப் போலவே இருந்தது என்பதால்தான் அவ்வளவு கோபம்.

நிஜத்துக்குக் கிட்ட வந்த விளையாட்டு எது?

என் ஓட்டு 1990-ல் சியரா வெளியிட்ட ‘ஜோன்ஸ் இன் தி ஃபாஸ்ட் லேன்’ விளையாட்டுக்கு. பார்த்தால் கார்ட்டூன் பலகை ஆட்டம், ஒவ்வொரு சுற்றும் ஒரு வாரம். ஆனால் ஏழையாக இருப்பதற்கே தனிச் செலவு உண்டு என்பதை அது பிடித்துவிட்டது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் வாங்கிய சாப்பாடு கெட்டுப்போகும், ஆகவே வாராவாரம் வெளியே சாப்பிட வேண்டும், ஆகவே ஃபிரிட்ஜ் வாங்கக் காசு சேராது. மலிவு விலைக் குடியிருப்பில் இருந்தால் வைல்ட் வில்லி என்ற திருடன் சாமானைத் தூக்கிவிடுவான். காவலுள்ள குடியிருப்புக்கு வாடகை அதிகம், அங்கே அவன் வருவதில்லை. வாடகை பாக்கி வைத்தால் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். துணி நைந்துபோனால் வேலைக்குப் போக முடியாது. அடகுக் கடையும் உண்டு. பொருளாதாரம் சரிந்தால் உங்கள் தப்பு ஒன்றுமே இல்லாமல் வேலை போகும். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ அழகான விளையாட்டுகள் இதில் பாதியைக் கூடத் தொடவில்லை.

அடுத்தது ரிச்சர்ட் ஹாஃப்மையர் செய்த ‘கார்ட் லைஃப்’. சாம்பல் நிறப் படங்கள், தெருவோரக் கடைக்காரர்கள். மெலனி காபிக் கடை போடுகிறாள். விவாகரத்துக்குப் பிறகு மகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கு தலைக்கு மேல் நிற்கிறது. மகளைப் பள்ளியில் விடுவதற்கும் கடை திறப்பதற்கும் ஒரே காலை நேரம்தான், கடிகாரம் நிற்காது. ஆண்ட்ரஸ் பேப்பர் விற்பவர். ஒவ்வொரு பேப்பரையும் மடிக்க நீங்கள் ஒரு வரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். அலுப்பாக இருக்கும், இருக்க வேண்டும் என்றுதான் அப்படி வைத்தார். 2013-ல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதல் பரிசு இதற்குத்தான் கிடைத்தது.

லூகாஸ் போப்பின் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ வாழ்க்கை விளையாட்டு என்ற வகையில் சேராது, எல்லைச் சாவடி அதிகாரியின் கதை. ஆனால் ஒவ்வொரு நாள் முடிவிலும் வரும் வரவுசெலவுத் தாள் அந்த வகைக்கே பாடம். ஒரு ஆளைச் சரிபார்த்தால் 5 காசு. நாளின் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை, அடுத்ததிலிருந்து அபராதம். ராத்திரி சோறா, கணப்பா, பையனுக்கு மருந்தா என்று பெட்டியைத் தட்ட வேண்டும். லஞ்சம் வாங்குவதா என்ற கேள்வி அந்தத் தாளைப் பார்த்த பிறகு வேறு மாதிரி தெரியும்.

ஜப்பானிலிருந்து வந்த ‘ரெசெட்டியர்’ இதைக் குஷியாகச் செய்கிறது. அப்பா கடனை வைத்துவிட்டுக் காணாமல் போக, மகள் வீட்டையே கடையாக்கி அடைக்கிறாள். வாரத் தவணை 10,000, 30,000, 80,000, 2,00,000, 5,00,000 என்று ஏறும். கட்ட முடியாவிட்டால் முதல் நாளுக்கே திரும்பலாம், சரக்கோடு. அந்த ஒரு கருணையை மட்டும் நிஜக் கடன்காரர்கள் கற்றுக்கொள்ளவில்லை.

சிம்ஸில் யாராவது ஏழ்மைக் கதையைப் பெரிதாகச் சொல்லியிருக்கிறார்களா?

2009-ல் ராபின் பர்கின்ஷா என்ற இங்கிலாந்து மாணவர் சிம்ஸ் 3-ல் கெவ், ஆலிஸ் என்று அப்பாவையும் மகளையும் உருவாக்கினார். வீடு கிடையாது, காலி மனையைப் பூங்கா மாதிரி ஆக்கி அங்கே விட்டுவிட்டார். அப்பா முன்கோபி, புத்தி தடுமாறியவர். மகள் நல்ல மனசுக்காரி, தன்னம்பிக்கை இல்லாதவள். நடந்ததைப் படங்களோடு தொடராக எழுதினார், உலகம் முழுக்கப் படித்தார்கள். பசியும் தூக்கமும் சேர்ந்து பள்ளியில் அவள் படும் பாடு ஒரு பக்கம். வேலைக்குப் போய்ச் சம்பாதித்த காசு கையில் இருக்கும்போது அவள் மனதில் ஓர் ஆசை எழுகிறது: தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும். ராபின் தடுக்கவில்லை, முழுப் பணத்தையும் கொடுக்க விட்டார். அந்த ஆசையை யாரும் எழுதி வைக்கவில்லை, விளையாட்டின் நிரல் தானாகக் கொண்டுவந்தது. சிம்ஸ் இந்த மாதிரிக் கதைக்கு லாயக்கில்லை என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

இப்படி ஆடினால் ஏழைகள் மேல் பரிவு வருமா?

நம்பிக்கையோடு செய்த ஒன்று, ‘ஸ்பென்ட்’. 2011-ல் அமெரிக்காவின் டர்ஹம் நகரத் தொண்டு அமைப்பு ஒன்றுக்காக மெக்கின்னி விளம்பர நிறுவனம் உருவாக்கிய இணைய விளையாட்டு. கையில் 1,000 டாலர், ஒரு மாதம் தள்ள வேண்டும். வேலைக்கு அருகில் வீடு என்றால் வாடகை கூடும், தள்ளிப் போனால் பயணச் செலவு கூடும்.

யேல் பல்கலைக்கழகத்தின் ஜீனா ரூசோஸ், ஜான் டோவிடியோ இருவரும் இதை வைத்துச் சோதனை செய்து 2016-ல் வெளியிட்டார்கள். ஆடியவர்களுக்கு ஏழைகள் மேல் மதிப்பு கூடவில்லை. சிலருக்குக் குறைந்தே போயிற்று. அவர்கள் சொன்ன காரணம், ஆட்டத்தில் எல்லா முடிவும் ஆடுபவர் கையில். நான் சாமர்த்தியமாக மாதத்தை ஓட்டிவிட்டேனே, அவர்களால் ஏன் முடியவில்லை என்று தோன்றிவிடுகிறது.

இதனால்தான் நான் பகடையையும் நிலையான வாடகையையும் விடாமல் சொல்கிறேன். இருப்பு குறைவாக இருப்பது ஒரு புதிர்தான், கெட்டிக்காரர் அவிழ்த்துவிடுவார். சரியாக ஆடியும் தோற்கிற வாரம் ஒன்றாவது இருந்தால்தான் அது கஷ்டம்.

தயாரிப்பாளர்களே இதை ஏன் வைப்பதில்லை?

விற்காது என்ற பயம் ஒன்று. வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருபவருக்கு இன்னொரு இ.எம்.ஐ. எதற்கு என்று நினைக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் சிம்ஸ் பிறந்த கதையே ஒரு பெரிய அடியிலிருந்துதான். 1991 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய தீயில், சிம்ஸை உருவாக்கிய வில் ரைட்டின் வீடு எரிந்துபோனது. ஒவ்வொரு சாமானாக மறுபடி வாங்கிச் சேர்த்த அனுபவம் இந்த விளையாட்டுக்கு விதையானது. விளையாட்டில் தங்கியது வாங்கிச் சேர்க்கும் பாதி. தீப்பிடிக்கும் பாதியும் இருக்கிறது, அடுப்பைக் கவனிக்காவிட்டால் தெரியும்.

எனக்கே பணக்கஷ்டம். இதெல்லாம் ஆடலாமா?

ஆடினால் லேசாக இருக்கிறதா, நெஞ்சு அடைக்கிறதா என்று பாருங்கள். அடைத்தால் மூடிவிட்டு அனிமல் கிராசிங் பக்கம் போங்கள், நூக் கேட்க மாட்டார். சிலருக்கு நேர்மாறாக, அடைக்க முடிந்த கடன் ஒன்றாவது திரையில் இருப்பது ஆறுதலாக இருக்கிறது.

செலவு விஷயம்: சிம்ஸ் 4-ன் அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். எல்லாத் தொகுப்பையும் முழு விலைக்கு வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஏழைச் சிம்மை ஆட அவ்வளவு செலவு செய்வது வேடிக்கைதான். மேலே சொன்ன வாடகையும் பகடையும் அடகும் சீட்டும் இலவசப் பதிப்பிலேயே நடக்கும்.

தோற்ற பிறகு பழைய சேவ் கோப்பைத் திறப்பது தப்பா?

உங்கள் விளையாட்டு, உங்கள் இஷ்டம். ஆனால் கொள்ளைக்காரி வந்து போன ராத்திரியை அழித்துவிட்டால் அலாரம் வாங்க வேண்டிய அவசியமே வராது. நடுவழி ஒன்று உண்டு: மாதத்துக்கு ஒரு முறை திரும்பிப் போக அனுமதி, அதற்கு மேல் இல்லை. விளையாட்டே உடைந்துபோன பிழைகளுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். குழந்தை சுவருக்குள் மாட்டிக்கொண்டால் யோசிக்காமல் பழைய சேவ் கோப்பைத் திறங்கள்.